மாப்பிள்ளையின் டானிக் கேன்களைத் திருப்பி அனுப்புவது குறித்து

அன்பும் பண்பும் படிப்பும் ஒருங்கே நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் எங்கள் மகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், ஏனென்றால் அவள் நாலு நாளாக என்னோடு பேசவில்லை. மருத்துவமனை வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீங்கள் "கரெக்ட் மாமா, கரெக்ட் மாமா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்கப்புறம் எனக்குக் கோபம் நிலைக்காது. ஆகையால் கோபம் முழுசாக இருக்கும்போதே கடைக்குப் போய்த் தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருஷமாக மரம் நட்டு, புல் போட்டு, வேலி கத்தரித்துப் பிழைக்கிறவன் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதாவது மிதித்திருக்கிறேன், அங்கேயும் புல் போட்டது நான்தான். நீங்களோ மண்ணைப் பற்றி நாலு வருஷமும் வேரைப் பற்றி இரண்டு வருஷமும் படித்து, இப்போது உயிரூக்கி விற்கும் கம்பெனியில் நல்ல பதவியில் இருக்கிறீர்கள். கல்யாணப் பேச்சின்போது, பையனுக்கு என்ன வேலை என்று நான் கேட்டதற்கு உங்கள் தகப்பனார், "செடிகொடிக்கெல்லாம் டானிக் கொடுக்கிறான்" என்றார். நல்ல மனுஷர். அதற்கு மேல் அவருக்கே புரியவில்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்றே நான் எழுந்து, எந்த மரத்துக்குக் கொடுத்தான், அது இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் என்பதால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மருத்துவமனை வளாகத்தின் புல்வெளியும் மரங்களும் இருபத்திரண்டு வருஷமாக என் பொறுப்பு. வாசல் மரத்தை நட்டதே நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு நீங்கள் முதல் தடவை வந்தபோதே சொன்னேன், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தடவையும் சொன்னேன் என்று மகள் சொல்கிறாள். மருந்து வாங்க நிற்கிறவர்கள், உள்ளே ஆளை அனுப்பிவிட்டு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்கள், எல்லோருக்கும் அதன் அடியில் இருக்கும் சிமெண்டு பெஞ்சுதான் இடம். மூன்று வருஷமாக உச்சிக் கிளைகள் காய்ந்துகொண்டே வந்து, இந்த வருஷம் பாதி மரத்தில்தான் இலை, பெஞ்சில் பாதிக்குத்தான் நிழல். எங்கள் கட்டட மேலாளருக்கு இடுப்பில் எப்போதும் ஓர் அளவுநாடா தொங்கும்; அதனால் எங்கள் ஆட்கள் அவரை நாடா என்றுதான் சொல்லுவார்கள். அவர் ஒருநாள் மரத்தைச் சுற்றி அளந்தார். மரத்தின் வியாதியைத்தான் ஏதோ கணக்கெடுக்கிறார் என்று நானும் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உதவினேன். அளந்து முடித்துவிட்டு, "எட்டு காருக்கு இடம் வரும்" என்றார். நான் கெஞ்சிக் கூத்தாடியதில், "மூணு மாசம் டைம். நிர்வாகக் குழு வந்து பாக்கும்போது துளிர் இருந்தா மரம், இல்லைன்னா பார்க்கிங்" என்று சொல்லி, அடிமரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம்தான் உங்களைக் கூப்பிட்டேன். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

மறுநாளே கேன்கள் வந்து இறங்கின. இரண்டில் கடல்பாசிச் சாறு, இரண்டில் மட்கிய குப்பையிலிருந்து எடுத்த கன்னங்கரேலென்ற ஹியூமிக் அமிலம், இரண்டில் நுண்ணுயிர். "இது உரம் இல்ல மாமா. உரம்னா சாப்பாடு, இது பசியைத் தூண்டுறது. வேருக்குத் தெம்பு வந்துட்டா சாப்பாட்டை அதுவே தேடிக்கும்" என்று விளக்கினீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் மரத்துக்குப் பசி அபாரமாகத் தூண்டப்பட்டிருக்க வேண்டும். பாவம், அதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. நுண்ணுயிர் கேன்களை வெயில் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னீர்கள். எங்கள் வேலைக் கொட்டகை தகரக் கூரை. ஆகையால் வீட்டு ஃபிரிட்ஜில் பால் வைக்கும் தட்டில் வைத்தேன். உங்கள் அத்தை, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். "கோடிக்கணக்குல நுண்ணுயிர், எல்லாம் உயிரோட இருக்கு, மாப்பிள்ளை அனுப்பினது" என்றேன். மாப்பிள்ளை அனுப்பியது என்பதால் அவளால் தூக்கி வெளியே எறிய முடியவில்லை. உயிரோடு இருக்கிறது என்பதால் உள்ளே வைத்திருக்கவும் முடியவில்லை. இரண்டு நாள் ஃபிரிட்ஜையே திறக்காமல் பாலில்லாத தேநீர் குடித்தோம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், நுண்ணுயிர் செத்துப்போகும், தண்ணீரை ஒருநாள் முழுக்கத் திறந்த டிரம்மில் வைத்து அப்புறம்தான் கலக்க வேண்டும் என்றீர்கள். வைத்தோம். டானிக்கைக் கலக்கியும் ஆயிற்று. திறந்த டிரம்மில் நிறையத் தண்ணீர் இருப்பதைப் பார்த்த துப்புரவு ஆட்கள், நிர்வாகம் கடைசியில் தங்களுக்கும் ஒரு வசதி செய்து கொடுத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, கிருமிநாசினி ஊறிய மாப்புகளையெல்லாம் அதில் அலசிவிட்டார்கள். அத்தனை கோடி உயிர் போன அந்தக் காலையில், துக்கம் கேட்க வந்தவர்கள் போல நானும் பம்பும் டிரம் பக்கத்தில் கை கட்டி நின்றோம். பம்பு என்பது முதுகுத் தெளிப்பானைச் சாப்பாட்டு வேளையில்கூடக் கழற்றாத எங்கள் தெளிப்பு ஆள். அவனுக்கு நேர்ந்ததையும் எழுதிவிடுகிறேன். உங்கள் கடல்பாசிச் சாற்றில் இருந்த திப்பி தெளிப்பானின் முனையில் இருக்கும் நாசிலை அடைத்துக்கொண்டது. பழக்க தோஷத்தில் அவன் நாசிலைக் கழற்றி வாயில் வைத்தான். ஊதியிருந்தால் பரவாயில்லை, உறிஞ்சிவிட்டான். இரண்டு நாள் எதைச் சாப்பிட்டாலும் படகில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றான். அந்த நாற்றம் அவனோடு நிற்கவில்லை. புறநோயாளிப் பிரிவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தலைமைச் செவிலி நேரே சமையலறைக்குப் போய், எங்கே மீன் கெட்டுப்போயிருக்கிறது என்று சமையல்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டார். அந்த வாரம் மீனே வாங்காத சமையல்காரர், இனி இங்கே வேலை செய்ய முடியாது என்று ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் எல்லோர் முன்னாலும், "அது எங்க மாப்பிள்ளையோட வாசனைங்க" என்று சொல்லி அந்த மனுஷரின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் மானத்தை அந்த நேரத்தில் கவனிக்க முடியவில்லை.

அடுத்தது புல்வெளி. வாசலுக்கு முன்னால் இருக்கும் புல், ஆள் நடந்து நடந்து மஞ்சளாகி, சில இடத்தில் வழுக்கை விழுந்திருந்தது. அதற்கும் டானிக் கொடுக்கலாம் என்றீர்கள். கொடுங்கள் என்றால், முழுசாகக் கொடுக்கக் கூடாதாம். "நடுவுல ஒரு கயிறு கட்டுங்க மாமா. பாதிக்குத் தெளிங்க, பாதியை அப்படியே விடுங்க. அப்பத்தான் எதனால பச்சையாச்சுன்னு ஆபீஸ்ல காட்ட முடியும்." ஒரே புல், ஒரே மண், ஒரே வெயில், இடது பக்கத்துக்கு மட்டும் உபசாரம். இதைப் படித்தவர்கள்தான் யோசிக்க முடியும். களையெடுக்கும் பெரியக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பதினாறு வருஷமாக எங்களோடு வேலை செய்கிறவர். அவர் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இதென்ன ஓரவஞ்சனை?" என்று கேட்டார். "ஆராய்ச்சிக்கா" என்றேன். "ஆராய்ச்சின்னா ஒண்ணைக் காயப் போடணுமா?" என்றார். படிக்காதவரிடம் இதையெல்லாம் எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டேன். ஆறு வாரம் கழித்து என்ன ஆயிற்று? இரண்டு பக்கமும் ஒரே பச்சை. கயிற்றை எடுத்துவிட்டால் எது டானிக் குடித்தது, எது பச்சைத் தண்ணீர் குடித்தது என்று முப்பது வருஷம் புல்லோடு வாழ்ந்த எனக்கே தெரியவில்லை. நடுவில் ஒரு மழை பெய்திருந்தது. மழைக்குக் கயிறு தெரியாதல்லவா, இரண்டு பக்கமும் பெய்துவிட்டது.

இதற்குள் உங்கள் மேலதிகாரி என்னையே நேராகக் கூப்பிட்டு, உபயோகித்தவர் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். மாப்பிள்ளைக்காகப் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க. டானிக் ஊத்தாத பக்கம் கொஞ்சம் நாத்தம் கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆபீசில் உங்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள் என்றும், அடுத்த சோதனையை உங்களுக்குக் கீழே இருக்கிறவரிடம் கொடுத்துவிட்டார்கள் என்றும் மகள் சொன்னாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது. நான் உண்மையைச் சொன்னதற்கு உங்கள் கம்பெனி கோபித்துக்கொண்டால், அது உண்மைக்கும் உங்கள் கம்பெனிக்கும் உள்ள தகராறு. என்னை எதற்கு நடுவில் இழுக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டுச் சொல்லவும்.

புல்லாவது மழையில் பிழைத்தது. மரம்? கிளை விரிந்த வட்டத்தின் ஓரத்தில் குழி போட்டு வாரம் தவறாமல் ஊற்றினோம். முதல் மாதம் ஒன்றுமில்லை. நீங்கள் நேரில் வந்தீர்கள். வெள்ளைச் சட்டையில் மண் படாமல் மரத்தை மூன்று தரம் சுற்றி வந்து, அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மரம் நட்டவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள். "மாமா, அடிமரம் மண்ணுக்குள்ள கம்பம் மாதிரி நேரா இறங்குது. மண்ணைத் தொடுற எடத்துல அகலமாயிருக்கணும். எதுக்கும் ஒருதடவை தோண்டிப் பாத்துடலாமே. உள்ள ஏதாச்சும் கழுத்தைப் பிடிச்சிருந்தா நம்ம என்ன ஊத்தினாலும் மேல ஏறாது." பம்பும் பெரியக்காவும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "மாப்பிள்ளை, இது நான் நட்ட மரம்" என்று மட்டும் சொன்னேன். நீங்களும், "கரெக்ட் மாமா" என்று எழுந்துவிட்டீர்கள். மரியாதை தெரிந்தவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சரக்கு வேலை செய்யாவிட்டால் நட்டவன் கையில் குற்றம் கண்டுபிடிப்பது உங்கள் கம்பெனிப் பாடத்தில் எத்தனையாவது அத்தியாயம் என்று அன்றிலிருந்து கேட்க வேண்டும் என்று இருந்தேன். இப்போது கேட்டுவிட்டேன்.

நேற்று குழு வந்தது. நாலு பேர் வந்து, இரண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்து, கழுத்து வலித்ததும் கீழே குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரம்பத்தோடு ஆள் வருகிறது. பெஞ்சையும் எடுத்துவிடுகிறார்களாம். இன்று மத்தியானம் அதில் ஒரு அம்மாள் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, அந்தப் பாதி நிழலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வெயில் விழுகிற பக்கமாகப் போய், அவர் மேல் என் நிழல் விழும்படி நின்றுகொண்டேன். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நானே நட்டு, நானே வளர்த்து, நாடாவின் மறுமுனையை நானே பிடித்துக்கொடுத்து, கடைசியில் உங்கள் ஆறு கேனை நம்பி மூன்று மாதத்தைத் தொலைத்திருக்கிறேன்.

ஆகவே கொட்டகையில் மீதமிருக்கும் மூன்று கேன்களையும் கட்டி உங்கள் விலாசத்துக்கு அனுப்பி வைக்கிறேன். பெற்றுக்கொண்டு, மரம் இல்லாத வேறு யாருக்காவது கொடுத்து உதவவும். உங்கள் இருவருக்கும் வேரிலிருந்து உச்சிவரை குறைவில்லாத ஆரோக்கியமும் செழிப்பும், எந்தக் கேனின் உதவியும் இல்லாமல் கிடைக்க எங்கள் ஆசீர்வாதம். மகளை நான் விசாரித்ததாகச் சொல்லவும். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒன்றும் சொல்லவில்லை என்பதையாவது எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை எப்போதும் விரும்பும்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதினேன். இன்று சனிக்கிழமை ராத்திரி. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உறை அலங்கோலமாக இருந்தால் அதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை காலை கேன்களைக் கட்டக் கொட்டகைக்குப் போனேன். தூக்கிப் பார்த்தால் மூன்றில் இரண்டு காலி. பம்பைப் பிடித்து உலுக்கினேன். பெரியக்காதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அவனை ஏன் திட்டுறீங்க, நான்தான் ஊத்தினேன். ரெண்டாவது வாரமே இந்தப் பக்கம் தளதளன்னு நிக்குது, அந்தப் பக்கம் மஞ்சளா வாடிக் கெடக்குது. ரெண்டும் நம்ம புல்லுதானே, பாத்துட்டு சும்மா இருக்க மனசு கேக்கல. நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி வந்து, வாரம் ரெண்டுவாட்டி பூவாளியில கலந்து அதுக்கும் ஊத்திட்டேன்" என்றார். கலக்குகிற அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பம்பு கலக்கும்போது பார்த்துக்கொண்டாராம். ஆக, மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் டானிக் குடித்த புல்தான். மழையை நான் புகழ்ந்தது வீண்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "மிச்சம் இருந்ததை நேத்து சாயங்காலம் மரத்துக்கு ஊத்தப் போனேன். திங்கக்கிழமை வெட்டப்போறாங்களே, கடைசியா ஒரு வாய் குடிக்கட்டும்னு. மண்ணு கட்டியாயிருந்துச்சு, உறிஞ்சல. களைக்கொத்தால அடியில கிளறிவிட்டேன். கயிறு தட்டுப்படுது" என்றார். என்ன கயிறு என்றேன். "நீங்களே வந்து பாருங்க" என்றார்.

போய்த் தோண்டினோம். ஒரு சாண் ஆழத்தில் நைலான் கயிறு அடிமரத்தைச் சுற்றி இறுகிக் கிடந்தது. மரம் கயிற்றுக்கு மேலேயும் கீழேயும் பருத்து, நடுவில் விரல் போகிற அளவு பள்ளம். அதற்குக் கீழே வேர்ப்பந்தைச் சுற்றியிருந்த சாக்கின் மிச்சம். கயிறு மூன்று சுற்றுச் சுற்றி, வாலை உள்ளே மடக்கிச் சொருகிய முடிச்சு. அந்த முடிச்சைப் போடுகிறவன் எங்கள் கூட்டத்தில் ஒருத்தன்தான். எங்கள் வீட்டுத் துணிக்கொடியும் அப்படித்தான் கட்டியிருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். பம்பு முடிச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ரொம்ப நேரம் ஆகாயத்தைப் பார்த்தான். பெரியக்கா, "பழைய கயிறு, எவன் கட்டினானோ" என்றார். அவர் அப்படிச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருத்துவமனைத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மரங்கள் வந்து இறங்கின. விழா முடிகிறவரை ஒன்றும் ஆடக் கூடாது என்று, வேரைச் சுற்றியிருந்த சாக்கை அடிமரத்தோடு சேர்த்து நானே கயிற்றால் இறுக்கிக் கட்டி, அப்படியே குழியில் இறக்கி, மேலே மண்ணைக் குவித்து மூடினேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்து அறுத்துவிடலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து வேறெங்கோ புல் போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டு, அதன் நிழலிலேயே உட்கார்ந்து, நான் நட்ட மரம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

நாடாவை அழைத்து வந்து காட்டினேன். அவர் பள்ளத்தின் ஆழத்தை அளந்தார். "யார் கட்டினது இது?" என்றார். மரங்களை அனுப்பிய பண்ணைக்காரர் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. "நான்தான் சார்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். பிறகு, "அடுத்த மழைக்காலம் முடியிற வரைக்கும் பாக்கலாம். குழுகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று போய்விட்டார். கயிற்றை உளியால் துண்டு துண்டாக அறுத்து எடுக்க இன்று முழுக்க ஆயிற்று. மரம் பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் மேலதிகாரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அது இவ்வளவு நீளமில்லை. சோதனையைக் கெடுத்தது எங்கள் பக்கம், மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் சரி என்று இரண்டே வரி. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் அனுப்பலாம் என்று பார்த்தேன். உங்கள் அத்தை விடவில்லை. "எழுதினது நீங்கதானே, அப்படியே அனுப்புங்க. அவரும் படிக்கட்டும்" என்கிறாள். மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க மாமனாருக்கு எந்த வார்த்தை சரியாக இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். அவள் பேனாவை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று. அன்று வந்து இறங்கிய மரங்கள் மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கயிற்றோடு, இதே கைதான் நட்டது. மற்ற பதினொன்றும் ஏன் வளரவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் காற்று சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று காரணம் சொல்லி வந்திருக்கிறேன். மருந்துக் கடைப் பக்கம் நிற்கும் மரத்திலிருந்து திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம். முடிந்தால் மகளையும் அழைத்துக்கொண்டு, கைவசம் எத்தனை கேன் இருக்கிறதோ அத்தனையோடும் வாருங்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று நீங்கள் காட்டுங்கள் மாப்பிள்ளை, நான் தோண்டுகிறேன்.